யானையிடம் தப்பிய பாரதியார்

மகாகவி பாரதியாரை யானை மிதித்துக் கொன்றுவிட்டது என்று இன்னும் பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரியல்ல.

யானை அவரைத் தள்ளியது உண்மை. கீழே விழுந்து காயம் பட்டதும் உண்மை. ஆனால் அவர் பிழைத்து எழுந்தார். காயம் ஆறியது. மறுபடி வேலைக்குப் போனார். ரெயில் ஏறி வெளியூர் சென்று கூட்டங்களில் பேசினார். அவர் உயிரைக் கொண்டுபோனது வேறொரு நோய்.

யானைக்கும் மரணத்துக்கும் நடுவே சில மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

முண்டாசு வந்த கதை

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். தகப்பனார் சின்னசாமி ஐயர். தாயார் லட்சுமி அம்மாள். ஐந்து வயதில் தாயை இழந்தார். 11 வயதில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. 1897-ல் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 14. பெண் செல்லம்மாளுக்கு வயது 7. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

மறு வருஷமே தகப்பனாரும் காலமானார். ஆதரவற்ற பிள்ளையை அத்தை குப்பம்மாள் காசிக்கு அழைத்துக்கொண்டார். காசியில்தான் பாரதியார் மீசை வளர்த்தார். தலைப்பாகை கட்டத் தொடங்கினார். பிராமணப் பிள்ளைக்கு மீசையும் முண்டாசும் எதற்கு என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. ஊர் திரும்பிய பிறகும் முண்டாசை விடவில்லை. பல வருஷம் கழித்து அந்த முண்டாசு அவருக்குப் பெரிய உபகாரம் செய்தது.

1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். அதே வருஷம் சென்னைக்கு வந்து சுதேசமித்திரன் பத்திரிகையில் சேர்ந்தார். பிறகு இந்தியா என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். வெள்ளைக்கார அரசாங்கம் அவரைப் பிடிக்கப் பார்த்தது. 1908-ல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். அங்கே பத்து வருஷம் கழிந்தது. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அங்கே பிறந்தவை. பாட்டு வளர்ந்தது. உடம்பு தேய்ந்தது. பல நாள் வீட்டில் அரிசி இல்லை. போதாதற்கு லாகிரிப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. அவரிடம் அன்பு கொண்டவர்களே இதை வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர் அருகே போலீசார் கைது செய்தார்கள். டிசம்பரில் விடுதலை ஆனார். பிறகு செல்லம்மாளின் ஊரான கடையத்தில் இரண்டு வருஷம் இருந்தார். 1920 நவம்பரில் சென்னைக்கு வந்து மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியேறினார். பார்த்தசாரதி கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

கோயில் யானை

பாரதியாருக்கு மிருகங்களிடம் பயமே கிடையாது. திருவனந்தபுரத்தில் மிருகக்காட்சிச் சாலைக்குப் போனபோது சிங்கத்தைத் தொட்டுப் பார்த்தாராம். பக்கத்தில் நின்ற செல்லம்மாள் நடுநடுங்கிப் போனாராம். அவர் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்வார்கள். காக்கை குருவியைக் கூட உறவாக நினைத்த மனிதர் கோயில் யானையை விடுவாரா? கோயிலுக்குப் போகும்போது அதற்குத் தேங்காயும் பழமும் கொடுப்பார். யானையும் துதிக்கையை நீட்டி வாங்கிக்கொள்ளும்.

ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் காலம் ஒன்று உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரு நீர் வடியும். அப்போது பழகின பாகனையே அது அடித்துவிடும். பார்த்தசாரதி கோயில் யானைக்கும் மதம் பிடித்திருந்தது. சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் எட்ட நின்றார்கள்.

பாரதியார் எட்ட நிற்கவில்லை. வழக்கம் போலப் பக்கத்தில் போய்ப் பழத்தை நீட்டினார். யானை துதிக்கையால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது. அவர் யானையின் காலடியிலேயே போய் விழுந்தார். அதிர்ச்சியில் மயங்கிக் கிடந்தார்.

கூட்டம் கூச்சல் போட்டது. கிட்டப் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை. யானை ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஏனோ அது அப்படியே நின்றது.

அப்போது குவளைக்கண்ணன் வந்தார். இவர் புதுச்சேரி நாளிலிருந்து பாரதியாருடன் பழகியவர். பாரதியார் தம்முடைய குருமார்களில் ஒருவராக வைத்துப் பாடியிருக்கிறார். செய்தி கேட்டதும் குவளைக்கண்ணன் ஓடி வந்தார். ஒன்றும் யோசிக்கவில்லை. யானையின் காலடியில் புகுந்து பாரதியாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இப்படி ஒருவர் அன்று அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

மேல் உதட்டில் காயம். முழங்காலில் சிராய்ப்பு. தலையில் பெரிய காயம் இல்லை. காரணம், அந்த முண்டாசு. கனமான துணியைப் பல சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். கல் தரையில் தலை மோதிய வேகத்தை அந்த மடிப்புகள் வாங்கிக்கொண்டன.

துணி இரும்புக் கவசம் ஆகாது. ஆனாலும் அடியின் வேகம் ஓர் இடத்தில் குத்தாமல் பரவினால், மண்டை உடைவது தவறிவிடும். இதை வெள்ளைக்காரர்கள் பிற்பாடுதான் ஆராய்ந்து பார்த்தார்கள். அரேபியாவில் போர் புரிந்து பெயர் வாங்கிய லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1935-ல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். தலையில் கவசம் இல்லை. அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை டாக்டரும் ஒருவர். அந்தச் சாவு அவர் மனத்தை உறுத்தியது. கேர்ன்ஸ் கணக்கெடுத்து ஆராய்ச்சி செய்தார். அதன் பலனாக, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தலைக்கவசம் வந்தது. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது வரை அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சிதான்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி

நண்பர் மண்டயம் சீனிவாசாச்சாரியார் முதலானவர்கள் பாரதியாரை ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆஸ்பத்திரி அப்போது புதியது. 1911-ல் தொடங்கியது. இன்று தியாகராய நகரில் உஸ்மான் சாலையிலோ பாண்டி பஜாரிலோ ஸ்கூட்டர் சறுக்கி ஒருவர் விழுந்தால், அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுவது பல சமயம் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். 1921-ல் தியாகராய நகர் என்ற ஊரே கிடையாது. அது ஏரியும் தோப்புமாகக் கிடந்த மாம்பலம். 1923-க்குப் பிறகுதான் ஏரியைத் தூர்த்துத் தெருக்கள் போட்டார்கள்.

இன்று அப்படி விழுந்தவரை டாக்டர் என்ன செய்வார்? பேர் என்ன, இது எந்த ஊர், என்ன கிழமை என்று கேட்பார். கண்ணைத் திறக்கச் சொல்வார். கையைத் தூக்கச் சொல்வார். இதற்கெல்லாம் மொத்தம் 15 மார்க். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் 1974-ல் ஏற்படுத்திய கணக்கு இது. 13-லிருந்து 15 வரை வாங்கினால் லேசான காயம் என்று வைத்துக்கொள்வார்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள்.

பாரதியாருக்கு இதொன்றும் கிடையாது. தலைக்குள் பார்க்கும் ஸ்கேன் கருவி 1971-ல்தான் இங்கிலாந்தில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. சென்னையில் மூளை ஆபரேஷனுக்கென்று தனி டாக்டரே அன்று இல்லை. 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கினார். எல்லாம் பாரதியார் போய் ஏறக்குறைய முப்பது வருஷமோ அதற்கு மேலோ ஆன பிறகு வந்தவை. அன்றைய டாக்டர்கள் காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, கவனித்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்ப முடிந்ததோடு சரி.

வெளியே தெரியாத காயம்

தலையில் அடிபட்டால் ரத்தம் வந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. மூளை மண்டையோட்டுக்குள் தண்ணீரில் மிதப்பது போல இருக்கிறது. தலை வேகமாக மோதினால், மண்டை உடையாமலே மூளை உள்ளே குலுங்கும். அதில் ஒரு நொடியோ சில நிமிஷமோ நினைவு போகலாம். போகாமலும் இருக்கலாம். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், தலைவலி நேரம் ஆக ஆக அதிகமானாலும், எழுப்பினால் எழுந்திருக்காமல் தூங்கினாலும், கை கால் விளங்காமல் போனாலும், வலிப்பு வந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே ரத்தம் கசிகிறது என்பதற்கு அவை அடையாளம்.

அந்த ஆபத்து இல்லை என்றால் பெரும்பாலோர் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். நடுவில்தான் கஷ்டம். தலை கனக்கும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். சந்தையின் இரைச்சல் தாங்காது. சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். படித்த வரியையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும். வெளியே காயம் தெரியாததால் வீட்டார் தப்பாக நினைத்துவிடுகிறார்கள். வேலைக்குப் போக மனமில்லாமல் சாக்குச் சொல்கிறான் என்கிறார்கள். கட்டுப் போட்ட காலைக் கண்டால் நாற்காலி கொடுக்கிற ஜனங்கள், குலுங்கின மூளைக்கு ஒரு வாரம் பொறுக்கமாட்டார்கள்.

முன்னெல்லாம் இப்படிப்பட்டவரை வாரக்கணக்கில் இருட்டு அறையில் படுக்க வைப்பது வழக்கம். இப்போது டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஓரிரண்டு நாள் நல்ல ஓய்வு. பிறகு கொஞ்சம் நடை, கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் வேலை என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தலைவலி அதிகமானால் ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும். மது கூடாது. தேறுவதற்குள் மறுபடி தலையில் அடிபடவே கூடாது.

மீண்டும் எழுதுகோல்

பாரதியாருக்குத் தலைவலி இருந்ததா, தூக்கம் கெட்டதா என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்பது பத்திரிகைத் தாளில் அச்சாகி இருக்கிறது. அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

சில நாளில் வீட்டில் எழுந்து நடமாடினார். யானைமீது அவருக்குக் கோபம் இல்லை. தம்மை யார் என்று தெரியாமல் தள்ளிவிட்டது, தெரிந்திருந்தால் செய்திருக்காது என்றே பேசினாராம். சுற்றி மனிதர்கள் இருந்தார்கள். செல்லம்மாள் இருந்தார். பெண் சகுந்தலா இருந்தாள். குவளைக்கண்ணன், பரலி சு. நெல்லையப்பர் போன்ற நண்பர்கள் வந்து போனார்கள். அடிபட்டவர் தேறுவதற்கு மருந்தைப் போலவே மனிதத் துணையும் வேண்டும் என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள். பாரதியார் வீட்டில் பணம் குறைவு. அந்தத் துணைக்குக் குறைவில்லை.

சுதேசமித்திரன் ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார் அவருக்காக வேலையை வைத்திருந்தார். பாரதியார் திரும்பவும் கட்டுரை எழுதினார். காளிதாசன் என்ற புனைபெயரிலும் எழுதினார். தினப் பத்திரிகையில் எழுதுவது சுலபமல்ல. உலகச் செய்திகளைப் படிக்க வேண்டும், இங்கிலீஷிலிருந்து தமிழாக்க வேண்டும், குறித்த நேரத்தில் தாளை அச்சுக்கு அனுப்ப வேண்டும். நினைவும் கவனமும் கெட்டவரால் இதைச் செய்ய முடியாது.

1921 ஜூலை கடைசியில் ஈரோட்டுக்குப் போனார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் ஒரு வாசகசாலை இருந்தது. அதன் ஆண்டு விழாவுக்கு வக்கீல் தங்கப்பெருமாள் பிள்ளை அழைத்திருந்தார். சென்னையிலிருந்து ஈரோட்டுக்கு ரெயிலில் நீண்ட பயணம். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி. மெலிந்த உடம்பு. காயம் ஆறின முகம். ஜூலை 31-ந் தேதி அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? மனிதனுக்கு மரணம் இல்லை என்பது! யானையின் காலடியிலிருந்து எழுந்து வந்தவர் அப்படிப் பேசியபோது கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! மறுநாள் இந்தியாவின் எதிர்காலத்தைப் பற்றி இன்னொரு கூட்டம்.

ஊர் திரும்பியதும் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆகஸ்ட் 4-ந் தேதி சுதேசமித்திரனில் வந்தது. ஈரோட்டு மாட்டு வண்டியில் தாம் பட்ட பாட்டை வேடிக்கையாக வருணித்திருந்தார். படித்தவர்கள் சிரித்தார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தலையில் அடிபட்டவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். எப்போது சரியானார் என்று தெரிந்துகொண்டீர்கள் என்றால், பழையபடி கேலி பேசத் தொடங்கிய அன்றுதான் என்பார்கள்.

செப்டம்பர் மாதம்

செப்டம்பர் முதல் தேதி வாக்கில் பாரதியாருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அது ரத்தக் கடுப்பாக முற்றியது. இன்று இந்த நோய்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் உண்டு. நரம்பில் ஏற்றும் திரவம் உண்டு. கிருமியைக் கொல்லும் மாத்திரை உண்டு. அன்று ஆண்டிபயாடிக் மருந்து என்பதே உலகில் இல்லை. அதிலும் பாரதியார் மருந்து சாப்பிட மறுத்தார். நண்பர்கள் டாக்டரை அழைத்து வந்தபோது, தமக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பத்து வருஷத் தலைமறைவு வாழ்வும் பட்டினியும் சிறையும் அரித்த உடம்பு அது. நோயை எதிர்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. யானை தள்ளிய அதிர்ச்சியும் உடம்பைத் தளர்த்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பெரிய பட்டியலில் அது ஒரு சிறு வரிதான். பழியைத் தூக்கி யானைமீது போட்டதால் மற்றவை எல்லாம் மறைந்துபோயின. ஒரு கவிஞனைப் பட்டினி போட்டதைவிட யானை மிதித்தது என்று சொல்வது கேட்பவர்களுக்கும் சௌகரியமாக இருந்தது போலும்.

செப்டம்பர் 11-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு நெல்லையப்பர், நீலகண்ட பிரம்மச்சாரி, லட்சுமண ஐயர் ஆகியோர் பக்கத்தில் இருந்தார்கள். பாரதியார் ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை. காலையில் எழுதி ஆபீசுக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் உயிர் பிரிந்தது. வயது 39 நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு உடலைக் கொண்டு போனபோது கூட வந்தவர்கள் இருபது பேர் கூட இல்லை.

செல்லம்மாள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் புத்தகசாலை வைத்து 1922-ல் கணவரின் பாட்டுகளைச் சுதேச கீதங்கள் என்ற புத்தகமாக வெளியிட்டார். 1955 வரை வாழ்ந்தார். துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு 1993-ல் அரசாங்க நினைவு இல்லம் ஆயிற்று. போய்ப் பார்க்கிறவர்கள் அப்படியே நாலு அடி நடந்து பார்த்தசாரதி கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம்.